சாகாதவர்களைப் பார்த்துப் பாவப்பட்ட ஜரீனா

கூனிமேட்டில் பேருந்து நின்றதும் நடத்துநர் நேராக என் சீட்டுக்கு வந்தார். "டீச்சர், உங்ககூட வருவாங்களே கணக்கு டீச்சர், விடியக்காலம் தவறிட்டாங்களாம். இறங்கிக்கோங்க." நான் இறங்கும்வரை அவர் விசில் கொடுக்கவில்லை.

மரக்காணம் பள்ளியில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் ஜரீனா கணக்கு டீச்சர். எனக்கோ, தினமும் கூனிமேட்டில் ஏறி, என் கையிலிருக்கும் புத்தகத்தைப் பாதி தன் பக்கம் இழுத்துக்கொள்பவள். நான் தமிழாசிரியை, ஆனாலும் படிப்பதில் அவள்தான் வேகம். "என்னாடி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறியா?" என்று முழங்கையால் இடிப்பாள்.

போன மழைக்காலத்தில் நாங்கள் தொடங்கிய நாவல் சாவே இல்லாத மனிதர்களைப் பற்றியது. அப்படியொரு கற்பனையை நான் அதற்கு முன் படித்ததில்லை, அவ்வளவு இருண்ட கதையையும்தான். நாளை என்பது தீராததால் அங்கே யாரும் எதையும் முடிப்பதில்லை. பாதி கட்டிய வீடு, பாதி பாடிய பாட்டு, பாதியில் விட்ட சண்டை. நான் புத்தகத்தை மூடப் போனேன். ஜரீனாவோ, "மவுத்தே இல்லாத ஊரா? நம்ம டெய்லருக்குத்தான் கொண்டாட்டம். நாளைக்கு வா, நாளைக்கு வான்னே ஓட்டிடுவான்" என்று சிரித்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பாதி நாவலில் இருக்கும்போது அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தக் கதையை இனி எப்படி அவளிடம் நீட்டுவது? வீட்டில் மறந்துவிட்டேன் என்று புளுகி, ஒரு சமையல் புத்தகத்தைக் கொண்டுபோனேன். பார்த்தாளே ஒரு பார்வை! "பயம் எனக்கா, உனக்கா? நாளைக்கு அது வரலைன்னா வேற சீட்டு பாத்துக்குவேன்." மறுநாள் எடுத்துப் போனேன். உப்பளங்கள் தாண்டும்வரை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம்.

அவள் படுக்கையில் விழுந்தபோது கடைசி அத்தியாயம் மிச்சமிருந்தது. கண் சோர்கிறது என்றாள். "நீ படிச்சிட்டு வந்து சொல்லு. மாத்தி கீத்தி சொன்னே, கண்டுபிடிச்சிடுவேன்."

படித்தேன். அந்தப் படுபாவி எழுத்தாளர் ஒரு சொட்டு ஆறுதல்கூட வைக்கவில்லை. அந்த ஊரில் சாகக்கூடியவள் ஒரே ஒருத்தி. அவள் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். அவள் இறந்துபோகிறாள். அழுவது எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நின்றுகொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை.

முடிவை மாற்றிச் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வீட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஐயோ, பாவம்டி அவங்க" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் எதிரில் அழக்கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்தேன். அவள் அதைப் பிடித்து இழுத்தாள். "அழுடி. நல்லா அழு. எனக்கு ஆளு இருக்குதுல்ல."

நடத்துநர் சேதி சொன்ன அன்று கூனிமேட்டில் இறங்கி ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதறினேன். மய்யித்து வீட்டில் சத்தம் போடக்கூடாதம்மா என்று ஒரு பெரியவர் தன்மையாகத்தான் சொன்னார். "அவ அழச் சொல்லியிருக்கா" என்றேன். அவர் நகர்ந்துகொண்டார்.

அவளை அறிந்த நீங்களும் அழுதிருப்பீர்கள். அழுங்கள். ஆனால் 'எனக்கு ஆள் இருக்கிறது' என்று அவள் சொன்னாளே, அந்த ஆள் நான். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். அதை மட்டும் நான் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.