எல்லாம் பாண்தான்

என் மகளுக்கு ஒன்றரை வயது தாண்டியபோது அவள் சாப்பிட ஒத்துக்கொண்ட பண்டம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: பேக்கரியில் சுட்ட பாண். அதிலும் நடுப்பகுதி மட்டும். கரையை எங்களுக்கு விட்டுவைப்பாள். பாணை மட்டும் தின்று ஒரு பிள்ளை வளர முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவளைத் தவிர.

பாண் எங்கள் வீதிக்குக் காலையிலும் மாலையிலும் ஆட்டோவில் வரும். ஆட்டோவின் கூரையில் இருக்கும் ஒலிபெருக்கி ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் போடும். இலங்கையில் எந்த ஊருக்குப் போனாலும் பாண் ஆட்டோவுக்கு அதே மெட்டுதான். அந்தச் சத்தம் பல்லேபொலப் பாதைத் திருப்பத்தில் கேட்கும்போதே மகள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் கூப்பிட்டு அவள் அத்தனை வேகமாக வந்தது கிடையாது.

நான் மாத்தளை டவுனில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், நாவுலவில் அரசாங்க உத்தியோகம். விடிந்ததும் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் திரும்புவார். பகலில் மகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு அக்கா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். தன் பிள்ளைகளை எதைக் கொடுத்தாலும் தின்கிறவர்களாக வளர்த்தவர். என் மகள் அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

நான் செய்து பார்க்காத வித்தை இல்லை. காகத்தைக் காட்டினேன். சோற்றைக் காகத்துக்கே போடச் சொல்லிக் கையைக் காட்டினாள். போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தேன். பாட்டு முடியும்வரை ஒரே உருண்டையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, முடிந்ததும் என் கையில் துப்பினாள். கரட்டைப் பூப்போல வெட்டிக் கொடுத்தேன். எடுத்துத் தலையில் சொருகிக்கொண்டாள். ஒருநாள் பூசணிக்காயைச் சோற்றுக்குள் வைத்து மறைத்துப் பார்த்தேன். அது நடக்கிற காரியமில்லை என்று ஒரு தமிழ் ஆசிரியைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இருந்தும் செய்தேன்.

"கண்ணு பட்டிருக்கும் டீச்சர்," என்றார் அக்கா. அவர் கத்தோலிக்கர். மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய் வாங்கி வந்து நெற்றியில் பூசிவிட்டார். கணவர் தன் பங்குக்குப் பிள்ளையார் கோயிலில் நூல் வாங்கி வந்து அவள் கையில் கட்டிவிட்டார். மகள் எண்ணெயும் நூலுமாக உட்கார்ந்து பாண் தின்றாள்.

மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு நிறை பார்க்கக் கொண்டுபோவோம். அங்கே இருந்த மிட்வைஃப் மிஸ் நாலந்தாப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. தோட்டங்களில் பல வருஷம் வேலை செய்து தமிழ் பழகியவர். என் கணவரின் தமிழைவிட அவருடைய தமிழ் எனக்குச் சுலபமாக விளங்கும். இரண்டு கிளினிக்காக மகளின் நிறை ஏறவே இல்லை. இரண்டாம் தடவை மிஸ் பேனையை மூடி வைத்தார்.

"அடுத்த மொறையும் கூடலைன்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும் டீச்சர். வார்ட்டுல வச்சுத்தான் பாப்பாங்க. தட்டுல நெறம் இருக்கணும். பச்ச, மஞ்ச, செவப்பு. தொரத்தித் தொரத்தி ஊட்டாதீங்க."

சொல்வது லேசு. என் மகளின் தட்டில் இருந்தது ஒரே நிறம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வார்ட்டுதான் கண்ணுக்குள் நின்றது: அந்தச் சின்னக் கையில் ஊசி, கட்டிலுக்குக் கீழே என் பாய். அன்றைக்கு யார் மீது என்று தெரியாமல் எல்லார் மீதும் எரிந்து விழுந்தேன். பாணைச் சுடுகிறவர்கள் மீதும்தான்.

இரண்டு நாள் கழித்து நல்ல மழை. பாண் ஆட்டோ வரவில்லை. நான் பாடசாலை விட்டு நனைந்துகொண்டு வந்து, திருத்த வேண்டிய கொப்பிகளை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மகள் வந்து என் முழங்காலைப் பிடித்து, "பாண்," என்றாள். பாண் இல்லை. அடுப்பில் இருந்தது பூசணிக்காய்க் கறி. கெஞ்சவோ காகம் காட்டவோ எனக்கு உடம்பில் சத்தில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மசித்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதுதான் பாண்," என்றேன். சொல்லிவிட்டுக் கொப்பியைத் திறந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு விரலை விட்டு எடுத்துத் தின்றாள். கிண்ணம் காலியானதும், "பாண்," என்று நீட்டினாள். நான் எழுந்து போய் இன்னும் கொஞ்சம் போட்டு வந்தேன்.

மறுநாள் முட்டை பாணாகியது. அதற்கடுத்த நாள் பருப்பு. அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் வீட்டில் பெயர்ச்சொற்கள் ஒழிந்தன. வல்லாரைச் சுண்டல் பச்சைப் பாண். பீட்ரூட் சிவப்புப் பாண். நெத்தலி மீன் பாண். பப்பாசிக்கு நிறம் கிடைக்காததால் அது பழப் பாண்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"பச்சப் புள்ளைக்கிட்ட பொய் சொல்றோமே டீச்சர். நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவ."

"நிறை கூடலைன்னா வார்ட்டுல போட்டுருவாங்க அக்கா."

அக்கா கிண்ணத்தைக் கையில் எடுத்தார். "சரி. பாணுன்னே சொல்லிப்புட்றேன். பாவம் உங்களோட."

கணவர் ஒரு தயக்கமுமில்லாமல் சேர்ந்துகொண்டார். இரவுச் சாப்பாட்டின்போது, மகளுக்குக் கேட்கும்படியாக, "அந்த முருங்கையிலைப் பாணை ஒருக்கா இஞ்சால தள்ளும்," என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். பகலில் ஆறாம் வகுப்புக்குப் போய், ஒன்றின் பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல் என்று கரும்பலகையில் எழுதுவேன். மாலையில் வீட்டுக்கு வந்து கத்தரிக்காயைக் காட்டிப் பாண் என்பேன். அவள் வயதுப் பிள்ளைகள் மாம்பழம், தோடம்பழம் என்று மழலை பேசினார்கள். என் மகள் தட்டில் எதை வைத்தாலும் ஒரே சொல்லைச் சொன்னாள்.

"பிள்ளை சாப்பிடுதெல்லோ, பின்ன என்ன?" என்றார் கணவர். "பேரெல்லாம் பிறகு படிக்கலாம். நீர் யோசிக்காதையும்."

யோசிக்க நேரமும் இருக்கவில்லை. நாலு நிறத்தில் நாலு சட்டி வைத்து, பாடசாலை மணிக்கு முன்னால் இறக்கி, ஆறவைத்து, மசித்து, அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஓட வேண்டும். எங்கள் அடுப்படியில் அவ்வளவு சமையல் அதற்கு முன் நடந்ததில்லை.

அடுத்த கிளினிக்குக்குக் கணவரும் லீவு போட்டுக்கொண்டு வந்தார். காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்குகளில் அம்மாமார் பிள்ளைகளோடு நிறைந்திருந்தார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது நெருங்கியதால் மிஸ் இந்த முறை நிறை பார்ப்பதற்கு முன் ஒரு படப் புத்தகத்தை எடுத்தார். பேச்சு எப்படி வருகிறது என்று பார்ப்பார்களாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றிருப்பேன்.

மிஸ் பூசணிக்காய்ப் படத்தைக் காட்டினார். "பாப்பா, இது என்னா?"

"பாண்," என்றாள் மகள்.

மிஸ் பக்கத்தைத் திருப்பினார். மீன்.

"பாண்."

முட்டை. "பாண்." வாழைப்பழம். "பாண்." பந்தைக் காட்டியபோது சரியாகப் பந்து என்றாள். பூனையைப் பூனை என்றாள். அடுத்துக் கீரை வந்தது. "பாண்," என்றாள், சந்தேகமே இல்லாமல்.

மிஸ் என்னைப் பார்த்தார். "டீச்சர், புள்ளைக்கு இன்னமும் பாண் மட்டுந்தான் குடுக்குறீங்களா?"

கணவர் உதவிக்கு வந்தார். வராமல் இருந்திருக்கலாம்.

"இல்லை மிஸ், எல்லாம் குடுக்கிறம். எல்லாத்துக்கும் பேர்தான் பாண்."

வாங்கில் இருந்த அம்மாமார் எங்கள் பக்கம் திரும்பினார்கள். குட்டு வெளிப்பட்ட பிறகு மூடி என்ன பிரயோசனம்? மழையில் தொடங்கிப் பழப் பாண் வரைக்கும் முழுவதையும் சொன்னேன். மிஸ் கேட்டு முடித்து, புத்தகத்தில் தேடி ஒரு பக்கத்தை எடுத்தார். அச்சுப் பாண் ஒன்று, முழுசாக.

"அப்ப இது என்னா பாப்பா?"

மகளின் முகம் மலர்ந்தது. வாயைக் குவித்து, தலையை ஆட்டி, பாண் ஆட்டோவின் மெட்டைப் பாடினாள். தொடக்கத்திலிருந்து, சுருதி தவறாமல், திரும்பவும் ஒருமுறை.

வாங்கு முழுவதும் சிரித்தது. மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்குப் பாண் எதுன்னு நல்லாத் தெரியும் டீச்சர். அதுக்கு அவ வேற பேர் வச்சிருக்கா. நீங்க சொல்ற பாணுன்னா அவளுக்குச் சாப்பாடு. அம்புட்டுத்தான். ஏமாந்தது நீங்க ரெண்டு பேரும்."

நான் இவ்வளவு நாளும் பிள்ளைக்குக் காது குத்துவதாக நினைத்து உள்ளுக்குள் குறுகிக்கொண்டிருந்தேன். அவளோ, திங்கிற சாமானுக்கு அம்மா வைத்த பெயர் பாண் என்று ஒழுங்காகப் பாடம் கேட்டிருக்கிறாள்.

"அப்ப அன்னைக்கு அந்தப் பூசணிக்காய ஏன் தின்னா மிஸ்?"

"பசிச்சிருக்கும். நீங்களும் அன்னைக்குத்தான் கெஞ்சாம வச்சுட்டு உங்க வேலையைப் பாத்திருக்கீங்க."

இதைக் கேட்டுக் கோபப்படுவதா, நிம்மதிப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நிறை பார்ப்பது வேறு மிச்சம் இருந்தது. தொங்குதராசில் போட்டால் மகள் பக்கத்தில் நிற்பவரை உதைப்பாள். ஆகவே அவளுக்கு நிறை பார்ப்பது வேறு மாதிரி. நான் அவளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவேன். பிறகு அவளைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு நான் மட்டும் ஏறுவேன். மிஸ் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பார்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். முள் அசைந்து அசைந்து, போன மாதம் நின்ற இடத்திலேயே வந்து நின்றது. ஒரு கோடுகூட மேலே இல்லை. பச்சைப் பாண், மஞ்சள் பாண், அக்கா என் தலையில் போட்ட பாவம் எல்லாம் வீண். ஆஸ்பத்திரிக்கு எந்தப் பையைக் கொண்டுபோவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"எறங்கிடாதீங்க," என்றார் மிஸ். "புள்ளையை ஐயாட்ட குடுங்க."

கொடுத்தேன். முள் கீழே போனது. மிஸ் குனிந்து பார்த்தார். போன மாத எண்ணைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"புள்ள நல்லாக் கூடியிருக்கா டீச்சர். ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்ல," என்றார். பிறகு அதே குரலில், "அவ கூடின அளவுக்கு நீங்க கொறஞ்சிருக்கீங்க."

கணவர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காலையில என்னா சாப்புட்டீங்க?" என்று மிஸ் கேட்டார்.

மகளின் இலைக்கஞ்சிக் கோப்பையில் அடியில் கிடந்ததைக் குடித்தது ஞாபகம் வந்தது. நேற்றிரவு அவள் தள்ளிவிட்ட தட்டை அடுப்படியில் நின்றபடி வழித்தது ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் அவள் நிறைய மிச்சம் வைப்பாள். இப்போதுதான் நன்றாகச் சாப்பிடுகிறாளே.

"புள்ள வச்ச மிச்சம் மிஸ்," என்றேன்.

சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைக்கு நிறை கூடிய சந்தோஷம் என்று வாங்கில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். பாதி அதுதான். மற்றப் பாதி, பிள்ளை பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒருவர் என் வயிற்றைப் பற்றிக் கேட்டதற்கு.

"இனிமே அவகூட ஒக்காந்து உங்க தட்டுல போட்டுத் தின்னுங்க. ஊட்டுறது அப்பறம்," என்றார் மிஸ்.

கணவர் எங்களை நேரே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சோற்றுக்கடைக்குக் கூட்டிப்போனார். கடையில் உட்கார்ந்ததும் மகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீர் முதல்ல சாப்பிடும்," என்றார்.

சோறு வந்தது. பருப்பு, பலாக்காய்க் கறி, கருவாடு, பொரித்த பாகற்காய். நான் உட்கார்ந்து, சூடாக, முழுத் தட்டை என் முன்னால் வைத்துச் சாப்பிடத் தொடங்கினேன். மகளுக்கு இது புதுக் காட்சி. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு அப்பாவின் மடியிலிருந்து எக்கி என் தட்டுக்குக் கையை நீட்டினாள்.

"இது அம்மாவோடது," என்றேன்.

அவள் கேட்கவில்லை. கைக்கு எட்டிய பாகற்காயை எடுத்து வாயில் போட்டாள். முகம் கோணியது. துப்புவாள் என்று கணவர் கையை ஏந்தினார். அவள் மென்று விழுங்கிவிட்டு மறுபடி கையை நீட்டினாள்.

வேறு நாளாக இருந்தால் தட்டையே அவள் பக்கம் தள்ளியிருப்பேன். அன்றைக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எனக்குப் பசித்தது.