பக்கத்துக் காம்பராக்காரி

மழை பெய்தால் றப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வெட்டுகிற பால் சிரட்டையில் நிற்காமல் தண்ணீரோடு ஓடிவிடும். ஆகவே மழை நாளில் திரேசாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத காலையில் தர்மிளாவின் தலைமுடி அவள் கைக்குப் போய்விடும். வாசற்படியில் பிள்ளையை முழங்காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு, ரிப்பனைப் பல்லில் கடித்தபடி, மரத்துப் பட்டை சீவுகிற அதே கவனத்தோடு வகிடு எடுப்பாள். முடித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே நிற்கும், மற்றது பிடரியில் தொங்கும்.

"சரி, நல்லாத்தான் இருக்கு. ஒன்னு தெஹியோவிட்டைக்குப் போகுது, ஒன்னு அவிசாவளைக்குப் போகுது. பஸ்ஸுக்கு நிக்க வேணாம்."

தர்மிளா நேரே அடுப்படிக்குப் போவாள். அங்கே அவளுடைய அம்மா விஜயகலா எல்லாவற்றையும் அவிழ்த்து, இரண்டு நிமிடத்தில் ஒழுங்காகப் பின்னி அனுப்புவாள். இது திரேசாவுக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த மழைக்கு ரிப்பனைத் தேடி எடுத்துவிடுவாள்.

திரேசாவுக்கு வயது நாற்பத்தொன்று. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வாசல்கள் எல்லாம் அவளுக்குக் குள்ளம். நெற்றியில் இருக்கும் தழும்பைக் காட்டி, "நான் எல்லா வீட்டுக்கும் கும்பிட்டுக்கிட்டுத்தான் போவேன், ஒரு நாள் மறந்துட்டேன்," என்பாள். குரலும் உயரத்துக்கு ஏற்றது. தோட்டத்து மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் சேர்ந்தபோது, இரண்டாம் ஞாயிறே சிஸ்டர் வந்து, மகள், நீ சனம் உட்காரும் வாங்குகளை அடுக்கினால் ஆண்டவர் இன்னும் சந்தோஷப்படுவார் என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து வாங்கு அடுக்குகிறாள்.

பெண்களுக்கான செருப்பு அவள் காலுக்குக் கிடையாது. தெஹியோவிட்டைக் கடைத்தெருவில் கபூர் நானாவிடம் ஆண்கள் செருப்பு ஒன்பதாம் நம்பர் வாங்குவாள். யாருக்கு என்று அவர் கேட்டால், "எங்க வீட்டு ஐயாவுக்கு" என்பாள். ஐயாவை ஒரு தடவை கூட்டி வாங்களேன், அளவு பார்க்கலாம் என்று நானா நான்கு வருடம் கேட்டுப் பார்த்தார். "அவருக்கு வெக்கம் நானா" என்று அவளும் நான்கு வருடம் சொன்னாள். ஐந்தாம் வருடம் பழைய வார் கடையிலேயே அறுந்துபோக, வேறு வழியில்லாமல் அங்கேயே போட்டுக்கொண்டாள். நானா காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ஐயா நல்ல உயரம்தான்," என்றார்.

கல்யாணம் பேச மூன்று முறை ஆள் வந்ததாம். மூன்றும் நடக்கவில்லை. "மாப்புள்ளையப் பாருடின்னு எங்கம்மா இடிச்சிக்கிட்டே இருந்துச்சு. நான் அவன்கூட வந்த தங்கச்சியைப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். நமக்குத்தான் எல்லாம் லேட்டா வெளங்குமே."

விளங்கியது தொண்ணூற்றைந்தில். விஜயகலாவின் புருஷன் மூளைக் காய்ச்சலில் போனபோது குழந்தைக்கு மூன்று மாதம். லயத்தில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. பக்கத்துக் காம்பராவில் திரேசா தனியாக இருந்தாள். இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. குழந்தை அழுதால் இந்தப் பக்கம் கேட்கும். "அதுக்கு வயிறு உப்பியிருக்கு, தோள்ல போட்டுத் தட்டு," என்று சுவருக்கு மேலாக இவள் கத்துவாள். பிள்ளை பெறாதவளின் வைத்தியம் எப்படியோ பலித்தது. ஒரு மாதம் கத்தினாள். பிறகு, தொண்டை வலிக்கிறது என்று காரணம் சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். இன்னும் திரும்பி வரவில்லை. அவளுடைய காம்பராவில் இப்போது விறகும் ஆறு கோழிகளும் குடியிருக்கின்றன.

திரேசாவுக்குப் பால் வெட்டு. விஜயகலாவுக்குப் பிள்ளை மடுவத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. ஒரு கட்டில், ஒரு உலை, சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாதாவும் முருகனும். தர்மிளாவுக்குப் பேச்சு வந்தபோது திரேசா என்ற பெயர் நாக்கில் நிற்காமல் "தேசா" ஆயிற்று, அதுவே நிலைத்தது. வெளியே எவராவது ஜாடை பேசினால் திரேசா முந்திக்கொள்வாள்: "என்னைய வச்சிருக்கிறது அவ தலையெழுத்து. பாவம், வேற ஆள் கெடைக்கல." சிரித்துவிட்டால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. பாவசங்கீர்த்தனத்துக்கு மாதம் தவறாமல் போவாள். "கோழிய ஏசினது, கங்காணிய மனசுக்குள்ள வஞ்சது, எல்லாம் சாமியார்கிட்ட சொல்லிடுவேன். இத மட்டும் சொல்றதில்ல. பாவம்னாத்தானே சொல்லணும்?"

இரண்டாயிரத்து நாலு தைப்பொங்கலுக்குக் கன்னையா வந்தான். செத்துப்போன புருஷனுடைய அண்ணன். அவிசாவளைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. வருடா வருடம் பிள்ளைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு வருகிறவன்தான், கெட்டவன் இல்லை. அந்த வருடம் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்.

"புள்ளைய நான் கூட்டிக்கிட்டுப் போறேன். எங்க வீட்டுல ரெண்டு பயலுக இருக்கானுங்க, அவங்களோட வளரட்டும். இங்க ஒரு ஆம்பள இல்ல. ரெண்டு பொம்பளைங்க ஒரே காம்பராவுல... வெளிய என்ன பேசுறாங்கன்னு ஒனக்குத் தெரியாது விஜயா. நாளைக்கு இவள யாரு கட்டுவா?"

விஜயகலா முடியாது என்றாள். அவன் போய்விட்டான். திரேசா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். மூடி முடிந்தும் துருவலை நிறுத்தவில்லை. விரலைச் சீவிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினாள்.

இரண்டு கிழமை கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து துண்டுச் சீட்டு வந்தது. கன்னையா போய், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற விடுகைப் பத்திரம் கேட்டிருக்கிறான். தாய் வந்து அதிபரைப் பார்க்க வேண்டும். விஜயகலா, "நீயும் வா" என்றாள். திரேசா இருப்பதில் நல்ல சேலையைக் கட்டினாள். குறுக்குப் பாதையில் இறங்கும்போது வாய்க்குள்ளே ஒத்திகை நடந்தது. டீச்சர், இந்தப் பிள்ளைக்கு நான்... அதற்கு மேல் என்ன? பெரியம்மா என்றால், விஜயகலா கோவில், இவள் சர்ச், எப்படி அக்கா தங்கை என்று கேட்பார்கள். மாமி என்றால் மாமா எங்கே என்பார்கள். அப்பா? மீசை கொஞ்சம் இருக்கிறது, ஆனால் பத்தாது. மலை இறங்கி முடிந்தது, முறை கிடைக்கவில்லை.

அதிபர் றம்ஸியா டீச்சர் அதிகம் பேசாதவர். கன்னையா ஏற்கெனவே வந்து ஒரு நாற்காலியில் இருந்தான். பொங்கலன்று சொன்னதையே அங்கும் சொன்னான், கொஞ்சம் மரியாதையாக. டீச்சர் எல்லாம் கேட்டுவிட்டுத் திரேசாவைப் பார்த்தார்.

"நீங்க புள்ளைக்கு என்ன முறை?"

கங்காணிக்குப் பதில் சொல்கிற வாய், கபூர் நானாவுக்குப் பதில் சொல்கிற வாய். அந்த வாய் ஒட்டிக்கொண்டது. தான் ஏதாவது சொல்லப்போய்ப் பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தாள்.

"நான்... பக்கத்துக் காம்பராங்க டீச்சர்," என்றாள்.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தர்மிளா நின்றாள். கேட்டுவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

விஜயகலா கையிலிருந்த குடையை மேசையில் வைத்தாள். மடுவத்தில் குழந்தைகளைத் தூங்கவைக்கிற குரலுக்கு மேல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் அதே குரல்தான்.

"அவ பொய் சொல்றா டீச்சர். பயந்துக்கிட்டு சொல்றா. அவ பக்கத்துக் காம்பரா இல்ல, எங்க காம்பரா. இந்தப் புள்ள மொதல் அடி எடுத்து வச்சது அவ கைக்குத்தான். அம்மை போட்டப்போ பதினோரு நாள் வேலைக்குப் போகாம வேப்பிலையோட குந்தியிருந்தது அவதான். முறை என்னன்னு எனக்கும் சொல்லத் தெரியல. எனக்கு ரெண்டாங் கல்யாணம் ஆயிருச்சின்னு இவரு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அது பொய்யில்ல. புள்ளைய மட்டும் தர மாட்டேன்."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"தாய்க்கு விருப்பமில்லாம நான் புள்ளைய அனுப்ப ஏலாது. புள்ள நல்லாப் படிக்குது, ஒழுங்கா வருது. எனக்கு அது போதும்," என்று கன்னையாவிடம் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்துத் திரேசாவின் பக்கம் திருப்பினார். "நேத்துதான் இதப் பாத்தேன். யாரு இந்த ஆளுன்னு கேக்கணும்னு இருந்தேன்."

பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பட்டியல் அது. தகப்பன்மார் ஓட்டம் என்று தலைப்பு. நாலாம் வகுப்பு தர்மிளா என்பதற்கு நேரே, குண்டு குண்டான எழுத்தில், திரேசா.

"ஓடுவீங்களா?"

"ஓடுவேங்க டீச்சர்," என்றாள் திரேசா.

வெளியே வந்தபோது பிள்ளை அவள் பக்கம் பார்க்கவில்லை. மூவரும் பாதி மலை ஏறினார்கள். திரேசாதான் பேச்சைத் தொடங்கினாள். "ஒம்பது வருஷம் வளத்தேன். ஒரே வார்த்தையில பக்கத்து வீட்டுக்கு ஓடிட்டேன். ஓட்டத்துல என்னைய யாரும் புடிக்க முடியாது." ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கே சிரிப்பு வரவில்லை. நின்றாள்.

"தப்புதான் புள்ள. பயந்துட்டேன். இனி அப்பிடிச் சொல்ல மாட்டேன்."

தர்மிளா இன்னும் பத்தடி நடந்தாள். பிறகு திரும்பிப் புத்தகப் பையை நீட்டினாள்.

"பக்கத்துக் காம்பரா அக்கா, இதக் கொஞ்சம் தூக்குறீங்களா?"

விஜயகலா குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் திரேசாவுக்கு அதுதான் பெயர். உப்புக் கேட்டாலும் பக்கத்துக் காம்பரா அக்கா, உடுப்பை எடுக்கச் சொன்னாலும் பக்கத்துக் காம்பரா அக்கா. தான் இத்தனை வருடம் மற்றவர்களுக்குப் பரிமாறிய கேலியைத் தானே தின்ன வேண்டியிருந்தது.

போட்டி நாளன்று வெயில் கொளுத்தியது. தகப்பன்மார் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். திரேசாவும் ஏழாவதாக, சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். எங்கோ ஒரு விசில் பறந்தது. "ஏய், இது அப்பாமாருக்கு!" என்று ஒருவன் கத்தினான். பக்கத்தில் நின்ற முத்துவீரன், அவளோடு ஒரே மலையில் பால் வெட்டுகிறவன், திரும்பிப் பார்த்தான். "ஓடட்டும்யா. மலையில தெனம் எனக்கு முன்னாடிதான் முடிக்கிறா." போட்டியை நடத்திய ஜூட் மாஸ்டர் ஊதுகுழலை வாயில் வைத்தார்.

முதல் ஐம்பது மீற்றரில் திரேசா மூன்றாவது. செருப்பைக் கழற்றி எறிந்ததில் வேகம் கூடியிருந்தது. கோட்டுக்கு வெளியே தர்மிளா கூடவே ஓடி வந்தாள். "ஓடுங்க தேசா! தேசா!" அந்தக் குரல் வருகிற பக்கம் பார்க்காமல் இருக்கத் திரேசாவுக்குத் தெரியவில்லை. பார்த்தாள், சுண்ணாம்புக் கோட்டில் கால் சறுக்கி, ஐந்தடி பத்து அங்குலமும் தரையில் நீட்டி விழுந்தது. எழுந்தபோது எல்லோரும் முன்னே போயிருந்தார்கள். உள்ளங்காலில் பரல் கல் குத்தியிருந்தது. நொண்டிக்கொண்டே ஓடினாள். கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. அதுவும் முத்துவீரனுக்கு இடுப்புச் சாரம் அவிழ்ந்து நடுவழியில் குந்திவிட்டதால்தான்.

"ஆறாவது, தேசா! ஆறாவது!" என்று தர்மிளா இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"ஏழு பேர்லதான்டி," என்று மூச்சு வாங்கினாள் திரேசா. "அந்தாளு சாரத்த நல்லாக் கட்டியிருந்தா..."

வேலியோரத்து வாங்கில் போய் விழுந்தாள். தாய்மார் பக்கத்திலிருந்து விஜயகலா எழுந்து, மைதானத்துக்குக் குறுக்கே, அத்தனை சனத்துக்கும் நடுவில் நடந்து வந்தாள். மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரத்தம் கசிந்த காலைப் பிடித்து மடியில் வைத்து, முந்தானையால் துடைத்துப் பரல் தேடத் தொடங்கினாள்.

"விடுடி. எல்லாரும் பாக்குறாங்க." திரேசா காலை இழுத்தாள்.

"பாக்கட்டும். ஆட்டாம இரு."

திரேசா நிமிர்ந்தாள். உண்மையாகவே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: டீச்சர், ஜூட் மாஸ்டர், சாரத்தை இறுக்கியபடி முத்துவீரன், லயத்துப் பெண்கள் அத்தனை பேரும். கேலியாகச் சொல்வதற்கு ஏதாவது வரும் என்று அவள் வாய் காத்திருந்தது. பிறகு, ஒரு கீறலும் படாத மற்றக் காலையும் தூக்கி விஜயகலாவின் மடியில் வைத்தாள்.