காலி நாற்காலிகளுக்கு ஆட்சேபம் இல்லை

யூலாலிக்கு மைக் ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊர் மாதா கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடுகிறவள் அவள்தான். அவள் எண் கூப்பிடும்போது எழுந்து கழிப்பறைக்குப் போன ஆள் எங்கள் ஊரில் கிடையாது, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பேர்ப்பட்டவளைத்தான் ஹாலிஃபாக்ஸில் அந்தப் பெரிய மனிதர்கள் வருஷா வருஷம் காலி நாற்காலிகளிடம் பேச வைத்தார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பேர் ஓடில். யூலாலிக்குப் பக்கத்து வீடு. சின்னப் படகுக்காரர் சங்கத்தில் துணைச் செயலாளர் என்று பேர். உண்மையில் செயலாளர் யூலாலிக்கு டிரைவர். நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கரையில், வீட்டுக்குள் பிரெஞ்சு பேசுகிற ஊர் எங்களுடையது. எங்கள் படகுகள் வாள்மீனை ஈட்டியால் குத்திப் பிடிப்பவை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஒருத்தன் நிற்பான், ஒரு குத்துக்கு ஒரு மீன். யூலாலியின் புருஷன் கிளோவிஸிடம் அப்படி ஒரு படகு இருந்தது. கல்யாணமான புதிதில் யூலாலிதான் அதன் கம்பத்து உச்சியில் ஏறி உட்கார்ந்து மீனின் துடுப்பு தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால் அவள் போடுகிற கூச்சலில் மீனே பயந்து ஓடிவிடும் என்று கிளோவிஸ் கிண்டல் பண்ணுவான்.

யார் எவ்வளவு வாள்மீன் பிடிக்கலாம் என்று முடிவு பண்ணுவது வாள்மீன் ஆணையம். பல நாடுகள் சேர்ந்து நடத்துவது. இலையுதிர் காலத்தில் ஹாலிஃபாக்ஸ் ஓட்டல் ஒன்றில் கூடும். அதில் ஈட்டிப் படகுகளுக்கென்று தனியாக ஒரு சின்னப் பங்கு ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் அடுப்பு எரிந்தது அந்தப் பங்கில்தான். ஆணையத்துக்குப் போய்ப் பேச ஆள் வேண்டும் என்றபோது எங்கள் ஆம்பிளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "பிங்கோவுல கத்துறியே, அங்கயும் போய்க் கத்து" என்று யூலாலி தலையில் கட்டிவிட்டார்கள்.

அங்கே எங்களுக்குப் பேர் பார்வையாளர். டால்பினைக் காப்பாற்றுகிறவர்கள், கோயில்காரர்கள், நாங்கள் எல்லாம் ஒரே கூடை. நாடுகள் பேசி, முடிவெடுத்து, தலைவர் சுத்தியலால் தட்டிய பிறகு, மிச்சம் இருக்கிற நேரம் எங்களுக்கு. "இனி பார்வையாளர்கள்" என்று தலைவர் வாயைத் திறந்ததும் நாற்காலிகள் கரகரவென்று பின்னால் போகும். அத்தனை பேரும் வெளியே காபி, பிஸ்கட். போகும்போது நாட்டின் பெயர்ப் பலகையை மட்டும் மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். பலகை நின்றால் அந்த நாடு அவையில் இருப்பதாகக் கணக்கு. பிஸ்கட்டும் தின்னலாம், கூட்டத்திலும் இருக்கலாம். என்ன பிழைப்பு பாருங்கள்!

"முடிவெடுத்த பிறகு பேசச் சொல்றீங்களே, முன்னாடியே எங்களக் கேட்டா என்னங்க?" என்று யூலாலி தலைவரிடம் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள்.

"என்னம்மா பண்றது, சுத்தியல் தட்டியாச்சு. தட்டினா தட்டினதுதான்" என்பார் அவர். கெட்ட மனிதர் இல்லை. விதியை மீறப் பயந்த மனிதர்.

அந்த வருஷம் பெரிய கப்பல் நாடு ஒன்றின் பிரதிநிதி, எப்போதும் சாம்பல் கோட்டு போடுகிறவர், ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஈட்டிப் படகுக்குத் தனிப் பங்கு வேண்டாம், எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவோம், முந்திக்கொண்டவர் பிடிக்கட்டும். எங்கள் படகு துறையை விட்டுக் கிளம்புவதற்குள் அவர்கள் கப்பல்கள் வழித்துத் துடைத்துவிடும். வியாழக்கிழமை அது முடிவுக்கு வருவதாக இருந்தது.

கிளோவிஸ் நம்பிக்கையை விட்டுவிட்டான். படகை வாங்க ஆள் பார்த்துவிட்டான். "வியாழக்கிழமை பங்கு போச்சுன்னா அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன். நீ போய் நாற்காலிங்ககிட்டப் பேசிட்டு வா" என்றான். யூலாலி பையை எடுத்துக்கொண்டு வந்து என் காரில் ஏறினாள். ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேரும்வரை ஒரு வாய் சாப்பிடவில்லை. வழிக்குக் கட்டிக்கொண்டு வந்த ராப்யூரை, கோழியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுடுகிற எங்கள் ஊர்ப் பலகாரத்தை, நான் ஒருத்தியே தின்றேன்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல் காலி அறையில் பேசி முடித்தாள். சுத்தமாகக் காலி என்றும் சொல்ல முடியாது. ஹோகுன் என்று ஒரு பிரதிநிதி, குட்டித் தீவு நாட்டுக்காரர், மலை மாதிரி உடம்பு, கால் கட்டைவிரலில் வாத வலி. காபிக்கு நடக்க முடியாமல் ஷூவைக் கழற்றிவிட்டு விதியே என்று உட்கார்ந்திருப்பார். அவர் கையைக் காட்டி எங்களைக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இதை முடிவுக்கு முன்னாடி சொன்னா எவ்வளவு நல்லா இருக்கும்!"

"அதைத்தானே நானும் தொண்டை கிழியக் கேக்குறேன்?"

"நீங்க கேட்டா நடக்காது. தீர்மானம் கொண்டுவர உரிமை நாடுகளுக்குத்தான். நான் கொண்டுவரேன். நாளைக்குக் காலையில, முதல் வேலையா."

எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. யூலாலி மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"காலையில வேணாங்க. எல்லாரும் இருப்பாங்க, மூணு பேர் ஆட்சேபம்னு சொன்னா விழுந்துடும். எங்க நேரத்துல கொண்டுவாங்க."

ஹோகுனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்ததில் கட்டைவிரல் மேசையில் இடித்து "ஐயோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் "இனி பார்வையாளர்கள்" என்றார் தலைவர். கரகரவென்று நாற்காலிகள். சாம்பல் கோட்டுதான் முதலில் வெளியே போனது. அறையில் வரிசை வரிசையாகப் பலகைகள் நின்றன, ஹோகுனும் தூங்கி வழிகிற ஒருத்தரும் மட்டும் மிச்சம். ஹோகுன் தன் பலகையைத் தூக்கினார்.

"தலைவரே, ஒரு தீர்மானம். இனிமே எந்த விஷயத்துலயும் முடிவெடுக்கறதுக்கு முன்னாடி பார்வையாளர்கள் பேசணும். நாடுகள் அவங்களக் கேள்வி கேக்கலாம். இந்தக் கூட்டத்துலேர்ந்தே."

தலைவர் திகைத்துப்போய்ப் பக்கத்தில் இருந்த ஆணையச் செயலரைப் பார்த்தார். அந்தப் பெண் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செல்லும் என்று தலையசைத்தாள்.

"எல்லா நாடுகளும் அவையில் இருக்கின்றன" என்றார் தலைவர், பலகைகளைப் பார்த்து. "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

வெளியே காபி இயந்திரம் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆட்சேபம் இல்லை. ஏற்கப்பட்டது." டொக்.

நான் யூலாலியின் தொடையைக் கிள்ளிவிட்டேன். அந்தக் காயம் ரொம்ப நாள் இருந்தது என்று இன்னும் திட்டுகிறாள்.

மறுநாள் காலையில் ரகளை. சாம்பல் கோட்டு முகம் சிவந்து எழுந்து நின்றது. "நாங்க யாருமே அறையில இல்ல! இது அநியாயம்!"

"உங்கள் பலகை இருந்ததே" என்றார் தலைவர்.

"அது வெறும் பலகை சார்!"

"அப்படியா? அப்போ இத்தனை வருஷமா பலகையை எண்ணி எடுத்த முடிவு எதுவும் செல்லாதா? ஒண்ணொண்ணா முதல்லேர்ந்து எடுப்போமா?"

அந்த முடிவுகளில் பாதிக்கு மேல் சாம்பல் கோட்டுக்குச் சாதகமானவை. அவர் சட்டென்று உட்கார்ந்தார். தலைவர் யாரையும் பார்க்காமல், "தட்டினா தட்டினதுதான்" என்றார். டால்பின்காரர்களில் ஒருத்தி கைதட்டி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அறை நிரம்பி வழிந்தது. எழுந்து போனால் இன்னும் என்னென்ன ஏற்கப்படுமோ என்று ஒருத்தரும் காபிக்கு அசையவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது. ஈட்டிப் பங்கு விஷயம் வந்தது. முடிவுக்கு முன்னால் தலைவர் யூலாலியைக் கூப்பிட்டார்.

"ஒரு குத்துக்கு ஒரு மீன், அதுவும் பெரிசாப் பார்த்து. இதுதான் எங்க தொழில்" என்று ஆரம்பித்தாள். "உங்க கப்பலோட தூண்டில் கயிறு மைல் கணக்குல கிடக்குது, குஞ்சு குளுவான் எல்லாம் அதுல வருது. ரெண்டையும் ஒரே பானையில போட்டா யாரு வழிச்சுத் தின்னுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்ககிட்ட நான் புதுசா ஒண்ணும் கேக்கல. இருக்கிறதைப் பிடுங்காதீங்க."

எங்கள் பக்கம் ஒருநாளும் திரும்பாத ஒரு பெண் பிரதிநிதி கையைத் தூக்கினார். "ஒரு கேள்வி. பங்கு போனால் உங்கள் படகுகள் என்ன செய்யும்?"

யூலாலி மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். அந்த அறையில் யாரும் அவளை இதுவரை எதுவும் கேட்டதில்லை.

"வித்துடுவோங்க. எங்க படகை வாங்க வந்தவரு இப்ப எங்க சமையலறையில உட்கார்ந்திருக்காரு. இங்கேருந்து போற சேதிக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு."

"இது அவங்க தனிப்பட்ட விஷயம்" என்றது சாம்பல் கோட்டு.

"ஆமாங்க, என் பிழைப்பு எனக்குத் தனிப்பட்ட விஷயந்தான்" என்றாள் யூலாலி.

தலைவர் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஹோகுன் பலகையை இரண்டு கையாலும் தூக்கினார். கேள்வி கேட்ட பெண் தன் பலகையைத் தூக்கினார். இன்னும் ஒன்று வேண்டும். யாரும் அசையவில்லை. தலைவர் கை சுத்தியலை நோக்கிப் போனது. அப்போது கடைசி வரிசையில், இத்தனை நாளும் பேசாமலே இருந்த நாடு ஒன்றின் பலகை மெதுவாக மேலே வந்தது.

"தீர்மானம் விழுந்தது. ஈட்டிப் பங்கு நீடிக்கும்." டொக்.

யூலாலி உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"கிளோவிஸ்! கையெழுத்துப் போட்டுட்டியா? போடலையே? பேனாவைக் கீழ வை! வை சொல்றேன்! அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பு. பங்கு இருக்குடா, அப்படியே இருக்கு! என்னைக் கேள்வி கேட்டாங்கடா, நான் பதில் சொன்னேன்... டேய், ஏன்டா அழுவுற? எருமை, நீ அழுதா நானும் அழுவேன்ல?"

மைக் விளக்கு எரிந்தால் மொழிபெயர்க்க வேண்டியது கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவர்களின் வேலை. அவர்கள் ஒரு வார்த்தை விடாமல், எருமை உட்பட, எல்லா மொழியிலும் சொன்னார்கள். அத்தனை நாடுகளும் காதில் மாட்டிய கருவியைக் கையால் அழுத்திக்கொண்டு கேட்டன. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். அடுத்த விஷயத்துக்குப் போக வாயெடுத்த தலைவர், அவள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.