மெத்தைக்கடைக்கு வந்த குற்றப்பத்திரிகை

கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘குற்றப்பத்திரிகை’. அச்சகத்தில் இருபது வருடம் பிழை திருத்தியவள், பிறகு கடை கடையாகப் போய்ப் பெயர்ப்பலகை, நோட்டீஸ், பை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் பரப்பிவைத்துக் குறை சொல்வதையே தொழிலாக்கிக்கொண்டாள். அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் கோணல் எழுத்துகள் தாமாகவே நேராக நின்றுகொள்ளுமாம். கண்ணால் பார்த்ததாக பேக்கரிக்காரர் சொல்கிறார். அவர் பொய் சொல்கிறவர்தான், ஆனால் இந்த விஷயத்தில் இல்லை.

அப்பேர்ப்பட்டவளையும் தலையில் அடித்துக்கொள்ள வைத்தது அக்காள் வீட்டுக்காரரின் மெத்தைக்கடை. மாணவிகள் விடுதிக்கு இருநூறு மெத்தை வேண்டுமென்று வார்டன் அம்மா திங்கட்கிழமை வருகிறார். எதிரே பளபளவென்று இன்னொரு மெத்தைக்கடை. ஆர்டர் அங்கே போய்விட்டால் இங்கே ஷட்டரை இறக்க வேண்டியதுதான். “நீ சொன்னாத்தான்டி கேப்பாரு” என்று அக்காள் போனில் அழுதாள்.

கேட்டாரா மனுஷன்?

“மாமா, போர்டுல இது என்ன?”

“கரடி.”

“ஏன் செத்துக் கிடக்கு?”

“தூங்குதும்மா.”

“பையில பூனை இருக்கே?”

“பை அடிச்சவனுக்குக் கரடி வரைய வராதாம்.”

“கார்டுல?”

“அது நான்தான்.”

முறுக்கிய மீசையோடு, ஒரு மாதமாகக் கண்ணை மூடாதவர்போல அதில் முறைத்துக்கொண்டிருந்தார். மெத்தை விற்கிற முகமா அது!

கார்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். உத்தரவாதம் எத்தனை வருடம் என்கிற இடத்தில் ஒட்டுத்தாளுக்கு மேல் ஒட்டுத்தாள், எல்லாம் கோணல். எல்லாவற்றுக்கும் மேலே ‘11’.

“இவ்வளவு தடிமனா இருக்கே, ஆடற மேசைக்கு முட்டுக் குடுக்கலாம் போல.”

“குடுத்திருக்கேனே” என்றார் பெருமையாக. குனிந்து பார்த்தாள். கொடுத்துத்தான் இருந்தார்.

“எதிர்க்கடையில இருபத்தஞ்சு வருஷம்னு போட்டிருக்கான். நாமளும் அதையே போடுவோம்.”

“அவன் கடை தெறந்தே நாலு வருஷம். மீதி இருபத்தொண்ணை எங்க போய்ப் பார்த்துட்டு வந்தான்?”

“இது விளம்பரம் மாமா!”

“பொய்ச் சாட்சி மாதிரி இருக்கேம்மா.”

இவரோடு பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சொல்லாமல் கொள்ளாமல் தானே புதுக் கார்டு அடித்தாள். வான நீலம், உயிரோடு தூங்கும் ஒரே கரடி, இருபத்தைந்து வருட உத்தரவாதம். பழையதை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் எறிந்தாள்.

திங்கட்கிழமை சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வார்டன் அம்மா வந்தார். புதுக் கார்டைப் பார்த்தார். “எதிர்க்கடையிலயும் இதே இருபத்தஞ்சுதான் சொன்னாங்க” என்று கீழே வைத்துவிட்டுக் காலை நீட்டினார். செருப்பு பட்டு, முட்டுக் கொடுத்திருந்த கார்டு எகிறி வெளியே வந்தது. மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அவர் அதை எடுத்தார். விடுதிச் சுவர்களில் போஸ்டர் உரித்தே தேர்ந்த நகம். மேலே ஒட்டியிருந்த ஒன்பதை உரித்தார், கீழே எட்டு. எட்டுக்குக் கீழே ஏழு. உரித்துக்கொண்டே ஒன்று வரைக்கும் போய்விட்டார்.

“ஒன்பதா, இருபத்தஞ்சா? எது நிஜம்?”

“பதினொண்ணும்மா” என்றார் மாமா. “இது மேசைக்கடியில போயி ரெண்டு வருஷமாச்சு. நான் மொதல்ல தெச்ச மெத்தையில நானேதான் படுக்கறேன். வருஷத்துக்கு ஒருதரம் அவுத்துப் பார்ப்பேன். நல்லா இருந்தா ஒரு நம்பர் ஏத்தி ஒட்டுவேன்.”

“அப்ப இருபத்தஞ்சு?”

“அது மச்சினி சொல்றது. அவ அந்த மெத்தையில படுத்ததே இல்ல.”

பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று அவள் தரையைப் பார்த்தாள். தரை அசையவில்லை. வார்டன் அம்மாதான் சாவிக்கொத்து குலுங்கச் சிரித்தார்.

“பதினொண்ணுன்னே பில்லுல எழுதுங்க. இருநூறும் உங்ககிட்டயே எடுத்துக்கறேன்.”

மறுநாள் அவள் போனபோது மாமா கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து, அவளுடைய வான நீலக் கார்டுகளில் இருபத்தைந்தின் மேல் பதினொன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். பாதி எண்கள் கரடியின் காதுமேல் ஏறியிருந்தன.

“நேராவாவது ஒட்டித் தொலைங்களேன் மாமா!”

பசையைப் பிடுங்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவளே உட்கார்ந்தாள்.