மஞ்சள் சோப்பு சிவந்த கதை

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் லீவு முடிந்த கையோடு நடந்தது இது. இடம், திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டு அடுப்படி.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பொழுதுபோக்காக வீட்டிலேயே சோப்பு செய்யக் கற்றிருந்தேன். அடுப்பில் காய்ச்சாமல் செய்கிற சோப்பு அது. காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரைத் தேங்காய் எண்ணெயில் ஊற்றிக் கலக்கி, கூழ் பதம் வந்ததும் நீளமான மரப்பெட்டியில் ஊற்ற வேண்டும். மறுநாள் ரொட்டி மாதிரி துண்டு போட்டு, நாலு வாரம் காய விட வேண்டும். இதில் எனக்குப் பைத்தியமே டிசைன்மீதுதான். இரண்டு மூன்று நிறக் கூழை அடுத்தடுத்து ஊற்றி, ஒரு கம்பியை உள்ளே விட்டு வளைத்து இழுத்தால், உள்ளே என்ன கோலம் விழுந்திருக்கிறது என்பது மறுநாள் வெட்டும்போதுதான் தெரியும். அந்தக் கம்பிக்காக என் கணவரின் சட்டை ஹேங்கர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் பள்ளியில் உடன் வேலை பார்க்கும் டீச்சர் மூலமாக, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்தார். மகளுக்கு மாசியில் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சோப்பும் வைக்க ஆசையாம்.

"சந்தன வாசனை இருக்கட்டும். வெள்ளையும் மஞ்சளுமா வளைவு வளைவா வரட்டும். ஆனா கடையில விக்கற கலர் வேண்டாம்மா. ஆத்துல அரைச்ச மஞ்சப்பொடியே போடுங்கோ, மங்களமா இருக்கும்" என்றார்.

என் வாழ்க்கையிலேயே முதல் பெரிய ஆர்டர். தலைகால் புரியவில்லை எனக்கு. "பார்த்தா அசந்துடுவீங்க மாமி" என்று வாய்ச் சவடால் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். ஐந்து பெட்டிகள். அடியில் சந்தன நிறக் கூழ், அதன்மேல் வெள்ளை, நடுவில் மஞ்சள். மஞ்சள் கூழ் கலக்கும்போதே கொஞ்சம் ஆரஞ்சாகத்தான் தெரிந்தது. பொடி கூடிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். நின்று யோசித்தால் கூழ் இறுகிவிடும் என்ற பயத்தில் மளமளவென்று ஊற்றி, கம்பியை இறக்கி, வளைத்து ஏற்றி, மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் உள்ளூர் விடுமுறை. காலையில் முதல் பெட்டியைப் பிரித்து முதல் துண்டை வெட்டினேன். காபி டம்ளரோடு எட்டிப் பார்த்த கணவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"என்ன நக்கலா?" என்றேன்.

"நீயே பாரு."

பார்த்தேன். சந்தன நிறப் பரப்பு, அச்சு அசல் ஒரு நெற்றி. அதில் கீழே சேர்ந்து மேலே விரிந்த வெள்ளை வளைவு. நடுவே நெட்டுக்குத்தாக ரத்தச் சிவப்பில் ஒரு கோடு. சாட்சாத் திருமண், பெருமாள் நெற்றி நாமம்! நான் போட்ட மஞ்சள் முழுசாகச் சிவந்திருந்தது. மற்ற பெட்டிகளிலும் ஓரத்தைச் சீவிப் பார்த்தேன். ஐந்திலும் பெருமாள்.

"காஸ்டிக் சோடாவுல மஞ்சளைப் போட்டா செவக்காம என்ன பண்ணும்? நம்ம கல்யாணத்துல ஆரத்தி எடுத்தாங்களே, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்துதானே அந்தச் செவப்பு? நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே?" என்றார் கணவர். அவர் கணக்குப் படித்தவர்.

வருடா வருடம் மஞ்சள் தடவிய காகிதத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, "பாருங்க பிள்ளைங்களா, காரம் பட்டா மஞ்சள் சிவப்பாகும்" என்று பாடம் நடத்துகிறவள் நான். வகுப்பில் தெரிந்தது அடுப்படியில் மறந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. திருமண் விழுந்த சோப்பை ஸ்ரீரங்கத்துக் கல்யாணத்தில் கொடுத்தால், யார் அதைக் கையில் எடுத்து உடம்பில் தேய்ப்பார்கள்? அதிலும் நாங்கள் கிறிஸ்தவர்கள். வேண்டுமென்றே கேலி செய்தேன் என்று ஒருவர் நினைத்துவிட்டாலும் போதும், என்னைப் பரிந்துரைத்த டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பேன்? மறுபடி செய்யலாம் என்றால் காய்வதற்கு நாள் போதாது. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அன்று மதியம், தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் பக்கத்துத் தெரு டெய்லர் அக்காவிடம் போனேன். அக்கா என்று நான் கூப்பிடுவதும் மேடம் என்று அவர் கூப்பிடுவதும் பழக்க தோஷம், இருவருக்கும் ஒரே வயதுதான். என் முகத்தைப் பார்த்ததுமே என்னவென்று கேட்டார். செல்போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"மிச்சத்தையும் வெட்டிட்டீங்களா?"

"இல்லக்கா, ஒரே ஒரு துண்டுதான்."

"அப்புறம் எதுக்கு அழுதீங்க? கோடு போட்ட துணி வந்தா நான் என்ன பண்றேன்? நேரா வெட்டினா நேர்கோடு. கிராஸா வெட்டினா அதே துணி வேற துணி மாதிரி இருக்கும். இதையும் நிக்க வெச்சு வெட்டாதீங்க. படுக்க வெச்சு, பலகை பலகையா அறுத்துட்டு, அப்புறம் கிராஸா போடுங்க."

அதோடு விடவில்லை. மெஷினை மூடிவிட்டு, ஸ்கேலும் மார்க்கிங் சாக்பீஸுமாக என் கூடவே கிளம்பி வந்துவிட்டார்.

"இருங்க மேடம், நானே வெட்டித் தரேன்" என்று கத்தியையும் வாங்கிக்கொண்டார். கட்டியைப் படுக்க வைத்து நீளவாக்கில் அறுத்து, பலகையின்மேல் சாய்வாகக் கோடு கிழித்து, முந்திரி கேக் போடுவது போலத் துண்டு போட்டார். முதல் துண்டைத் திருப்பிக் காட்டினார்.

திருமண்ணைக் காணோம்! கோடைக்காலத்துக் கொள்ளிடத்தைப் பாலத்திலிருந்து பார்த்தால் மணலுக்கு நடுவே தண்ணீர் நெளிந்து நெளிந்து ஓடுமே, அப்படி வெள்ளையும் சிவப்புமாக இழைகள் சாய்ந்து ஓடின. நானே யோசித்துச் செய்திருந்தாலும் அவ்வளவு அழகு வந்திருக்காது. சந்தோஷத்தில் அக்காவைக் கட்டிப் பிடித்தேன். "மேடம், கத்தி கத்தி" என்று கத்தினார்.

நாலாவது நாள் மாலை, சொல்லாமல் கொள்ளாமல் மாமி வந்து நின்றார். பத்திரிகை வைக்க வந்தாராம். மேஜை முழுக்கச் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது.

"அழகா இருக்கே! ஆனா மஞ்சள் எங்கே?" என்றார்.

எதையாவது சொல்லிச் சமாளி என்று கணவர் கண்ணாலேயே ஜாடை காட்டினார். எனக்கு மனசு வரவில்லை. முதல் துண்டைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல், வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். அதை எடுத்து வந்து பிரித்துக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"நான் வேணும்னு பண்ணல மாமி. பிடிக்கலைன்னா இந்த ஆர்டரே வேண்டாம்னு சொல்லிடுங்க. வருத்தப்பட மாட்டேன்" என்றேன். வருத்தப்பட மாட்டேன் என்றது சுத்தப் பொய்.

மாமி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முதல் துண்டைப் பெருமாள் தனக்குன்னு எடுத்துண்டுட்டார். மிச்சத்தை நமக்கு விட்டுட்டார். இதுக்குப் போயா அழுதேள்?" என்று சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தார். எனக்கோ அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அந்தத் துண்டை மாமியே கொண்டுபோனார். தேய்த்துக் குளிக்க முடியாதே என்று, பீரோவில் கூறைப் புடவைக்கு நடுவே வைத்தாராம். இன்றும் புடவையில் சந்தனம் மணக்கிறதாம். எங்கள் வீட்டில் காய்ந்த சோப்பிலோ நாளாக ஆக அந்தச் சிவப்பு இறங்கி, கல்யாணத்துக்குள் பொன் மஞ்சளாக மாறியிருந்தது. மாமி கேட்ட மஞ்சள் தானாகவே வந்து சேர்ந்தது. சாய்வாக வெட்டியதில் மிஞ்சிய முக்கோணத் துண்டுகளில்தான் எங்கள் வீடும் டெய்லர் அக்கா வீடும் மாதக்கணக்கில் குளித்தோம்.

இப்போது மஞ்சள் காகிதப் பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன், டீச்சரின் அசட்டுத்தனத்தை மறைக்காமல். அதைவிட முக்கியம், ஏதாவது ஒரு காரியம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று தோன்றுகிறபோது, உட்கார்ந்து அழுவதற்கு முன் அதை ஒரு தடவை படுக்க வைத்துப் பார்க்கிறேன்.