ஏரிக்குள் ஏது ப்ளக் பாயின்ட்?

போன ஞாயிறு காலை, கும்மிடிப்பூண்டிக்கு வெளியே ஒரு வறண்ட ஏரிக்குள் நின்றுகொண்டு ஏழெட்டு விநாடி மூச்சு விடாமல் இருந்தேன். யோகாசனமெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் விமானத்தைத் தொலைத்துவிட்டேனோ என்ற பயம்!

விமானம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானம்தான். ரீட்டாவுக்குத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. லீவு நாளில் மற்றவர்கள் தூங்குவார்கள். இவர் தெர்மாகோல் அறுப்பார். அப்படி அறுத்து ஒட்டிய விமானத்தின் மூக்கில் ஒரு குட்டி கேமரா. அது மேலே பார்ப்பதையெல்லாம் ஒயர் இல்லாமல் கீழே அனுப்பும். ரீட்டா அதை மானிட்டரில் பார்த்தபடியே ஓட்டுவார்.

சிக்கல் மேலே இல்லை... கீழேதான். விமானத்துக்குள் அதற்கென்று பேட்டரி இருக்கிறது. தரையில் படத்தைப் பிடிக்கிற ரிசீவருக்கும், காட்டுகிற மானிட்டருக்கும் கரண்ட் வேண்டாமா? ஏரிக்குள் ஏது ப்ளக் பாயின்ட்?

இதற்கு முந்தைய விமானத்துக்கு, கணவர் டேவிட்டின் பைக்கிலிருந்து பழைய பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது பாதியில் மண்டையைப் போட்டது. மானிட்டர் இருட்டு. விமானம் எங்கோ முள்காட்டுக்குள். தேடிப் போனதில் ஒரு இறக்கை மட்டும் கிடைத்ததாம்.

"இதான்ணா கடைசி. இதுவும் பூட்ச்சுன்னா ரிமோட்டத் தூக்கிப் பரண் மேல போட்டுட்டு, டிவி பாத்துக்கினு கெடக்கறேன்" என்றார் ரீட்டா. ஐந்து மாதம் உட்கார்ந்து செய்த விமானம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. "என் கார் எதுக்கும்மா இருக்கு?" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், நீங்கள் என்னுடைய இந்தப் பத்திரிகைப் பத்தியில் பலமுறை சந்தித்த அதே வெள்ளைக் கார்தான்.

பானெட் மேல் ஒரு அட்டைப்பெட்டி. வெயில் படாமல் அதற்குள் மானிட்டர், பக்கத்தில் ரிசீவர். இரண்டுக்கும் காரின் லைட்டர் சாக்கெட்டிலிருந்து கரண்ட். சாவியைப் பாதி திருப்பி வைத்தாயிற்று. படம் பளிச்சென்று வந்தது.

"அண்ணா, நீங்க சீட்ல குந்திக்கினா போதும். ஒண்ணியும் பண்ண வேணாம்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது... அதுதானே உலகத்திலேயே கஷ்டமான வேலை!

டேவிட் இறக்கையில் சிலுவைக்குறி போட்டு, நாலடி ஓடி வீசினார். விமானம் ஒரு குலுங்கு குலுங்கி, சுதாரித்து, ஏறியது. அடடா... நான் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். மானிட்டரில் ஏரிக்கரை, ஆடுகள், தூரத்தில் வரிசையாக நீலக் கூரைகள், புகைபோக்கிகள். தினமும் தூசி தின்றுகொண்டு கடக்கிற ஊரா இது? இவ்வளவு அழகாகவா இருக்கிறது?

"ஏய் டேவிட்டு, அதோ நம்ம கம்பெனி தெரிது பாரு!" என்று கூவினார் ரீட்டா. அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. சென்ற வருடம் பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய், விளக்கை அணைக்க மறந்து, என் கார் பேட்டரி இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பட்டு வேட்டியோடு தள்ளினார்கள். "நைனா, சாவியத் திருப்பு... நைனா, கியரப் போடு..." என்று ஊர் கூடிக் கட்டளை போட்டது. பட்ட அவமானம் போதாதா? இங்கேயும் எஞ்சின் ஓடாமல் மானிட்டர் ஓடுகிறது. பேட்டரி இறங்கிவிட்டால் ரீட்டாவின் விமானம் என்ன ஆகும்? கேட்டால் தொந்தரவாக இருக்கும். நாமே சத்தமில்லாமல் எஞ்சினை ஓடவிட்டால், சார்ஜாவது ஏறுமே?

நல்ல எண்ணம்தான். சாவியைத் திருப்பினேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது பாட்டு ஒரு நொடி நின்று, மறுபடி வருமே — கவனித்திருக்கிறீர்களா? முப்பது வருடமாக நானும் கவனித்திருக்கிறேன். அந்த ஒரு நொடி மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை! சாக்கெட்டில் கரண்ட் நின்றது. மானிட்டர் கறுப்பு.

"இன்னாண்ணா பண்ணீங்க!"

"பேட்டரி இறங்கிடுமேன்னு..."

"ஐயோ, பேஜாருண்ணா உங்களோட!"

கரண்ட் உடனே திரும்பிவிட்டது. ஆனால் மானிட்டரும் ரிசீவரும் சாவகாசமாகக் கண்விழித்து எழ வேண்டாமா? டேவிட் நெற்றியில் கை வைத்து வானத்தைத் துழாவினார். நான் இறங்கி ஓடி, தலையில் கை வைத்துக்கொண்டு துழாவினேன். காக்கா தெரிந்தது. கொக்கு தெரிந்தது. விமானத்தைக் காணோம்.

ரீட்டா மட்டும் விரலை அசைக்கவில்லை. "இப்பதான் நம்ம பக்கமாத் திருப்பி வச்சேன். அப்டியே வரட்டும்" என்றார்.

பீப்.

படம் வந்துவிட்டது. செம்மண் தரை. ஒரு வெள்ளைக் கார். பக்கத்தில் குட்டியாக மூன்று பேர். அதில் இரண்டு பேர் மும்முரமாக வேறு திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு... எல்லாம் முதுகுப் பக்கமாக!

திரும்பினோம். எங்கள் தலைக்கு மேலே, அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"தலையில கைய வச்சிக்கினு நிக்கறது நீங்கதானேண்ணா?" என்று கேட்டுவிட்டு ரீட்டா சிரித்தார் பாருங்கள்... கண்ணில் நீர் வழியச் சிரித்தார். டேவிட் விசில் அடித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வயிற்றால் வழுக்கி இறங்கியது. ஒரு கீறல் இல்லை.

"அடுத்தது ரெண்டு மோட்டாரு வச்சிப் பண்ணப் போறேன்" என்றார் ரீட்டா, மூச்சு வாங்க. பரணாவது, டிவியாவது!

திரும்பி வரும்போது யோசித்தேன். சாம்பாரில் உப்பு இல்லையோ என்று ஆளுக்கு ஒரு கை போடுகிறவர்கள், ரிவர்ஸ் எடுக்கும்போது "வரலாம், வரலாம்" என்று சொல்லிச் சுவரில் இடிக்க வைப்பவர்கள்... இவர்களை எத்தனை தடவை இதே பத்தியில் கிண்டல் செய்திருக்கிறேன்! யாரும் கெட்டவர்கள் இல்லை. சும்மா உட்காரத் தெரியாத நல்லவர்கள். நான் அந்தச் சங்கத்தின் தலைவராகவே ஆகிவிட்டேன்.

வருகிற ஞாயிறும் போகிறோம். அதே ஏரி, அதே விமானம், அதே கார். வண்டி நின்றதும் சாவி ரீட்டாவின் பொறுப்பு, நான் அதைத் தொடக் கூடாது என்பது மட்டும் புதிய ஏற்பாடு.