பந்திக்குக் கூப்பிட்ட பாட்டு

நீங்கள் பொய் சொன்னீர்கள் சார். தெரியாமல் இல்லை, தெரிந்தே சொன்னீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சின் மேல் ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து ஊசி நடுவட்டத்தில் கிர்கிர் என்று அரைத்த பிறகும் யாரும் அதைத் தூக்கவில்லை. இன்ஸ்பெக்டர் உங்கள் முகத்தைப் பார்த்தார். நீங்கள் சட்டைப்பையிலிருந்து உங்கள் சொந்தப் பேனாவை எடுத்து, அந்தத் தெலுங்குப் பாட்டில் இல்லாததை இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். நான் ஆறடி தூரத்தில் நின்றேன். இது உங்களுக்குத் தெரிந்த கதை. வாசிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கீழ்வேளூரிலிருந்து வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் எங்கள் ஊர். எங்கள் தெருவில் எல்லோரும் வயல் வேலைக்காரர்கள். நாங்கள் இறங்கிய வயலில் பெரும்பகுதியும், குடிசை போட்டிருந்த மனையும் மிராசுதாருடையவை. என் அக்காவைக் கட்டியவர், என் அத்தான், வயல் வேலை இல்லாத நாட்களில் மைக்செட் கட்டப் போவார். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பிளேயர், ஒரு லாரி பேட்டரி. எல்லாவற்றையும் ஒரே சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போவார். ஏறி மிதிக்க இடம் இருக்காது. கல்யாணத்துக்கும் கட்டுவார், காதுகுத்துக்கும் கட்டுவார், சிவப்புக்கொடிச் சங்கத்துக்கும் கட்டுவார், ஆளும் கட்சிக்கும் கட்டுவார். குழாய்க்குக் கட்சி கிடையாது என்பார்.

ஒருமுறை கும்பகோணத்துக் கடையில் பழைய ரெக்கார்டுகளைக் கட்டாக வாங்கி வந்தபோது, நடுவில் ஒரு தெலுங்குப் படத்தின் இரண்டு தட்டுகள் இருந்தன. உறையில் எழுதியிருந்ததை எங்களால் வாசிக்க முடியவில்லை. ஒரு படகு படம் போட்டிருந்ததால் படகுப் படம் என்று பேர் வைத்தோம். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்து வைத்தார். கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். மொத்தம் ஐந்து பாட்டு. ஒன்று புல்லாங்குழலில் தொடங்கும். பிறகு பெண் குரல் வார்த்தை இல்லாமல் வெறும் ராகமாக வரும், படித்துறையில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்குகிற மாதிரி. இன்னொன்றில் ஆண் கோபமாகத் தொடங்குவான், மூன்றாவது வரிக்குள் அந்தக் கோபம் எங்கே போனது என்று தெரியாது. எனக்குப் பிடித்தது ஜோடிப் பாட்டு. ஆண் பாதி வரி பாடி நிறுத்துவான். தபேலாவும் நிற்கும். அந்த இடைவெளியில் பெண் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு மீதி வரியை அவள் பாடுவாள். அந்த ஒரு மூச்சுக்காக நான் குழாய்க்குக் கீழேயே நிற்பேன்.

"என்ன கொழுந்தியா, வாயப் பொளந்துகிட்டு நிக்கிற, தெலுங்கு புரிஞ்சிருச்சா?" என்பார் அத்தான். உங்களுக்குப் புரிந்ததா என்று திருப்பிக் கேட்டேன். "புரியாததுனாலதான் நல்லாருக்கு. புரிஞ்சா உங்க அக்காவுக்கும் எனக்கும் சண்டை வந்துரும்."

புரிய வைத்தவர், நான் முதலில் சார் என்று கூப்பிட்ட இந்த வாத்தியார்தான். வடக்கே எல்லைப் பக்கத்துக்காரர், வீட்டுப் பேச்சு தெலுங்கு. மிராசுதார் வைத்து நடத்திய பள்ளிக்கூடத்தில் வேலை, மிராசுதார் வீட்டு மாடியில் ஜாகை. எங்கள் தெருப் பக்கம் மற்ற வாத்தியார்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இவர் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தார். அத்தானோடு மரத்தடியில் உட்கார்ந்து, தட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, வரி வரியாக அர்த்தம் சொன்னார். ஜோடிப் பாட்டுக்கு அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது, வடியும்வரைக்கும் இங்கேயே இரு என்கிறாள் அவள். வடிந்தாலும் போகமாட்டேன் என்கிறான் அவன். அர்த்தம் தெரிந்ததிலிருந்து அத்தான் அந்தத் தட்டைத் தன் துண்டால் மட்டும்தான் துடைத்தார். வேறு துணி தொடக்கூடாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தை மாதத்தில்தான் அறுவடை, தை மாதத்தில்தான் கல்யாணம். கல்யாணம் என்று அறுப்பை நிறுத்த முடியாது. ஆகவே சனம் விடியற்காலையில் வயலில் இறங்கிவிடும். தாலி கட்டுவதற்கு ஒரு பாட்டு, பந்தி போட்டாகிவிட்டது என்பதற்கு ஒரு பாட்டு. குழாயில் அது கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கரையேறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எந்தப் பாட்டு என்பது மைக்செட்காரர் முடிவு. அத்தான் பந்திக்கு இந்த ஜோடிப் பாட்டை வைத்தார். இரு, போகாதே என்று சொல்லித்தானே சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்பது அவர் கணக்கு. இரண்டு தை அப்படிப் போயிற்று. வாத்தியாரே எங்கள் தெருப் பந்தியில் ஒருநாள் கை நனைத்திருக்கிறார்.

மூன்றாவது தையில் ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது சங்கம். சின்ன விவசாயிகள் ஒத்துக்கொண்டார்கள். மிராசுதார் ஒத்துக்கொள்ளவில்லை, லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். சென்னையில் ஆட்சி மாறியதும் அவர் தோளில் கிடந்த துண்டின் கரையும் மாறியிருந்தது, அதனால் போலீஸ் கேட்டதும் வந்தது. பள்ளிக்கூடத்திலேயே முகாம் போட்டார்கள். ஆந்திராவில் மலைப்பக்கம் நிலக்காரர்களை வெட்டுகிறார்கள் என்று பத்திரிகையில் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. எங்கள் தெரு நாய்கள்கூட அந்த வாரம் குரைக்கவில்லை. மிராசுதாரின் காரியக்காரர் ஒருநாள் பனைமரத்தடியில் வந்து நின்று, மேலே கட்டியிருந்த குழாயை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஆட்சி நடக்குறது தமிழுக்கு. உனக்கு மட்டும் என்னடா தெலுங்கு? அங்கேருந்து யாருக்குச் சேதி வருது?"

அத்தான் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் தப்பு என்று அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் குழாயின் ஒயரை யாரோ அறுத்திருந்தார்கள். அத்தான் அதை முறுக்கி ஒட்டுப் போட்டுவிட்டு, எங்கள் தெருவில் மறுநாள் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போனார். நான் வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்ட கல்யாணம், பாட்டு இல்லாமல் எப்படி என்றார்.

கல்யாணத்தன்று சின்ன விவசாயிகளின் வயலில் எங்கள் தெருச் சனம் அறுத்துக்கொண்டிருந்தது. நானும் இருந்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிராசுதார் வயலில் வெளியூர் ஆட்கள், வரப்பில் போலீஸ். வெயில் ஏறியதும் பாட்டு கேட்டது. நாங்கள் நிமிர்ந்தோம், கரையேறினோம், நடந்தோம். அறுப்பு நாளில் கருக்கரிவாளை வயலில் விட்டுவிட்டு யாரும் வருவதில்லை, காணாமல் போய்விடும். ஆகவே எல்லார் கையிலும் அரிவாள் இருந்தது. எங்களுக்கு அது பசி. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு பாட்டு தொடங்கியதும் நூறு பேர் ஒரே நேரத்தில் அரிவாளோடு எழுந்து நடக்கிறார்கள். வெளியூர் ஆட்கள் கதிரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து மிராசுதார் களத்தில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. யார் வைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒருத்தரும் பந்தியை விட்டு எழுந்திருக்கவில்லை. இலையில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது போலீஸ் வந்தது. அத்தானையும் பிளேயரையும் ஒரே வேனில் ஏற்றினார்கள்.

நானும் அக்காவும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அங்கே வாத்தியார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஊரிலேயே தெலுங்கு தெரிந்த ஒரே ஆள். பந்திப் பாட்டு என்று அறிந்தவர். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். கையைக் கட்டியிருந்தும் அவர் முகத்தில் பயம் இல்லை. "சாரக் கேளுங்க, சார் சொல்லுவாரு" என்றார். பாட்டைப் போட்டார்கள். அந்த மூச்சும் வந்து போனது. வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது காரியக்காரர் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"என்ன சொல்லுது சார் பாட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கூப்பிடுதுங்க. கதிரோட சேத்து ஆளையும் அறுக்க வாங்கன்னு கூப்பிடுது."

அத்தான் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார், தனக்கு ஏதோ விளங்காமல் போய்விட்ட மாதிரி.

எட்டு மாதம் உள்ளே இருந்தார். வழக்கு பிறகு நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் விசாரணையில் காதோடு சேர்த்து அறைந்திருந்தார்கள். ஒரு காது சுத்தமாகப் போயிற்று, இன்னொன்றில் ஓயாத இரைச்சல். பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். ரெக்கார்டைப் போலீஸ் திருப்பித் தரவில்லை. தந்திருந்தாலும் அவருக்கு அது எதற்கு. மைக்செட்டை விற்றோம். வெறும் வயல் வேலைக்குப் போனார். அதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. ஒருநாள் களத்தில் உட்கார்ந்திருந்தபோது, காது கேளாதவர்கள் பேசுகிற சத்தமான குரலில் என்னிடம் கேட்டார்.

"வாத்தியாரு எங்கிட்ட சொன்ன அர்த்தம் பொய்யா, அவங்ககிட்ட சொன்னது பொய்யா? நெசமாவே வெட்டுறதுக்குத்தான் கூப்பிட்டுதா அந்தப் பாட்டு?"

இல்லை என்று அவர் காதில் கத்தினேன். உனக்குத் தெலுங்கு தெரியுமா என்றார். தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. தான் ஆசை ஆசையாய்ப் போட்ட பாட்டு, தன்னை அறியாமல் கொலைக்கு அழைத்த பாட்டோ என்ற சந்தேகத்தோடு ஒன்பது வருஷம் இருந்தார். அதோடுதான் செத்தார். பிறகு நான் நர்ஸ் வேலைக்குச் சென்னை போனேன். கூட வேலை பார்த்த தெலுங்குக்காரப் பெண்ணிடம் அந்த மெட்டைப் பாடிக் காட்டினேன். அவள் முழுப்பாட்டையும் பாடி அர்த்தம் சொன்னாள். ஆறு, தண்ணீர், இரு, போகமாட்டேன். அரிவாளும் இல்லை, ஆளும் இல்லை. மருந்து அறையில் உட்கார்ந்து அழுதேன். யாரிடம் போய்ச் சொல்வது?

போன மாதம் என் மகள் போனில் ஒரு காட்சியைக் காட்டினாள். தஞ்சாவூரில் ஒரு மண்டபம். பழைய தெலுங்குக் காதல் படம் ஒன்றின், எங்கள் படகுப் படத்தின், இசையை ரசிப்பது எப்படி என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசுகிறார். நீங்கள்தான் சார். நன்றாகத்தான் பேசினீர்கள். குழலையும் வயலினையும் பிரித்துப் பிரித்துக் காட்டினீர்கள். நாலு பாட்டைப் போட்டீர்கள். ஜோடிப் பாட்டைத் தொடவில்லை. ஏன் என்று சபையில் ஒருத்தரும் கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரியாது.

நான் கேட்கிறேன். உங்களுக்குச் சோறும் இருக்க இடமும் கொடுத்தவர் மிராசுதார், பயந்திருப்பீர்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை. மிராசுதாரும் போய்விட்டார், காரியக்காரரும் போய்விட்டார். இப்போது யாருக்குப் பயம்? எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், வீட்டுக்கு வர வேண்டாம், தனியாக மன்னிப்பும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில், அதே மைக்கில், அந்தப் பாட்டின் அர்த்தத்தை முழுசாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், அன்றைக்குப் போலீஸிடம் என்ன எழுதிக் கொடுத்தீர்கள், ஏன் கொடுத்தீர்கள் என்று சபைக்குச் சொல்லுங்கள். என் அத்தான் கேட்ட கேள்விக்கு ஊரறியப் பதில் வேண்டும் சார்.